ஓரத்தில் நிற்க மாட்டேன்!

எங்கள் ஆறாம் வகுப்பில் எல்லாவற்றுக்கும் ஒரு பொறுப்பாளர் உண்டு. ஜன்னல்களைத் திறந்து மூட ஒருவர். கரும்பலகையைத் துடைக்க ஒருவர். பால் வாளியைத் தூக்கி வர இரண்டு பேர். முயல்களுக்குக் கீரை போட ஒருவர்.

அந்த அக்டோபரில் புதிதாக ஒரு பொறுப்பு முளைத்தது. படம் எடுக்கும் பொறுப்பு.

"யாரு ஏத்துக்கறீங்க?" என்று உஷியாமா சார் கேட்டார்.

நாற்பத்து மூன்று பேரும் தரையைப் பார்த்தோம்.

"சரி, கல்-கத்தரி-காகிதம் ஆடி முடிவு பண்ணிக்கோங்க" என்றார் சார்.

ஆடினோம். கடைசியாகத் தோற்றது நான்.

"வாழ்த்துகள், சயோ!" என்றார் சார். வகுப்பே கை தட்டியது. தோற்றுப்போனவளுக்கு இவ்வளவு பலமான கைதட்டலை நான் எங்கேயும் கேட்டதில்லை.

படம் எதற்கு என்றால், மினேக்காக.

மினேதான் எங்கள் முயல் பொறுப்பாளர். முதல் வகுப்பிலிருந்தே என் பக்கத்து இருக்கை. அவள் வீட்டில் எல்லோரும் பிரேசிலுக்குக் குடிபோகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ரயில். அப்புறம் கப்பல். கப்பலில் மட்டும் நாற்பது நாளுக்கு மேல்.

"போறதுக்கு முன்னாடி உனக்கு என்ன வேணும்?" என்று நாங்கள் கேட்டோம்.

"எல்லாரும் இருக்கற படம் ஒண்ணு" என்றாள் மினே. "எல்லார் முகமும் தெளிவாத் தெரியணும். அங்க போய் யார் முகமாவது மறந்துபோச்சுன்னா எடுத்துப் பாத்துக்குவேன்."

எவ்வளவு சின்ன ஆசை! ஆனால் எங்கள் ஊரில் படம் எடுக்கும் கடைக்காரர் சைக்கிளிலிருந்து விழுந்து, காலில் மாவுக்கட்டோடு மருத்துவமனையில் கிடந்தார். அதனால்தான் அறிவியல் அறை அலமாரியிலிருந்த மரப்பெட்டிக் கேமராவைத் தூசி தட்டி என் கையில் கொடுத்தார்கள்.

பெட்டிக்கு முன்பக்கம் ஒரு ஓட்டை. அதற்கு ஒரு லென்ஸ் வேண்டும். ஏரிக்கரையில் இருக்கும் லென்ஸ் தொழிற்சாலையில்தான் என் அம்மா வேலை செய்கிறாள். விளிம்பில் சில்லு போனதால் ஒதுக்கிவைத்த லென்ஸ் ஒன்றை மேற்பார்வையாளரிடம் கேட்டு வாங்கி வந்தாள். பெட்டியின் பின்பக்கம் பனி படிந்த மாதிரி ஒரு மங்கல் கண்ணாடி. கறுப்புத் துணியைத் தலையில் போர்த்திக்கொண்டு பார்த்தால், எதிரில் இருப்பதெல்லாம் அதில் தலைகீழாக விழும். முகம் தெளியும்வரை பெட்டியை இழுத்துத் தள்ளிச் சரிபார்க்க வேண்டும். பிறகு மங்கல் கண்ணாடியை எடுத்துவிட்டு, அதே இடத்தில் படத்தகட்டைச் செருக வேண்டும். லென்ஸ் மூடியைக் கழற்றி, மூன்று எண்ணி, மறுபடி மூட வேண்டும். படத்தகடு என்பதும் கண்ணாடிதான். வெளிச்சம் பட்டால் கறுக்கிற பூச்சு பூசிய கண்ணாடி.

தகடுகள் மொத்தம் ஆறு இருந்தன.

"ஆறு இருக்கே! ஒண்ணே போதும்" என்றேன் நான்.

அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது.

*

முதல் தகடு, திங்கட்கிழமை.

உஷியாமா சார் பாடத்தில்கூட ஒருநாள் கோபப்படாமல் இருப்பார். வரிசை விஷயத்தில் கோபப்படாமல் இருக்கவே மாட்டார். அவர் சட்டைப்பையில் எப்போதும் ஒரு சுருள் கயிறு இருக்கும். விளையாட்டு விழாவில் வட்டாரத்திலேயே நேரான வரிசை என்று எங்கள் வகுப்புக்குப் பரிசு வாங்கிக் கொடுத்தது அந்தக் கயிறுதான்.

இரண்டு குச்சிகளை நட்டு, கயிற்றை இழுத்துக் கட்டி, சுண்ணாம்பு வண்டியை உருட்டி மைதானத்தில் மூன்று கோடு போட்டார்.

"கையை முன்னால நீட்டு! பக்கத்துல பாரு! டெட்சு, உன் வயிறு கோட்டைத் தாண்டுது!"

"அது வயிறு சார், நான் இல்லை" என்றான் டெட்சு. வகுப்பிலேயே உயரமானவன். அதனால் எப்போதும் பின்வரிசையில் கடைசி.

முன்வரிசை பாயில் உட்கார்ந்தது. நடுவரிசை பெஞ்சில் உட்கார்ந்தது. பின்வரிசை நின்றது. நடுவில் சாரும் மினேயும். நான் மூடியைக் கழற்றி மூன்று எண்ணினேன்.

மாலையில் படத்தைப் பார்த்த டெட்சு விரலை வைத்துக் கேட்டான்: "இது யாரு?"

"நீதான்."

"இது ஆவியில வெந்த பன்னு."

"பன்னு இல்லடா, நீதான்."

"அப்போ என் மூக்கு எங்க?"

மூக்கு இல்லை. நடுவில் இருந்தவர்கள் அத்தனை தெளிவு. சாரின் சட்டைப் பொத்தானை எண்ணலாம். ஓரத்துக்குப் போகப் போக எல்லோரும் பன்னாகிவிட்டார்கள்.

இரண்டாம் தகடு, செவ்வாய்க்கிழமை. ஓரத்தில் நிற்பவர்கள் முகம் தெளியும்படி பெட்டியைச் சரிசெய்தேன். ஓரம் தெளிந்தது. இப்போது நடுவில் சாரும் மினேயும் பன்.

"என்னைப் பத்திக் கவலை இல்லை" என்றார் சார், கவலையோடு.

மூன்றாம் தகடு, புதன்கிழமை. "லென்ஸுக்கு முன்னாடி அட்டையில சின்னதா ஓட்டை போட்டு வெச்சா எல்லாமே தெளியும். மாமா சொன்னாரு" என்றான் ஜன்னல் பொறுப்பாளர் ஷூஜி. வைத்தேன். ஓட்டை சின்னதானால் உள்ளே வருகிற வெளிச்சமும் குறையும். மூன்று எண்ணிய இடத்தில் இருபது எண்ண வேண்டியிருந்தது. எங்கள் வகுப்பில் இருபது எண்ணும்வரை அசையாமல் இருக்கக்கூடியது முயல் மட்டும்தான். பன்னிரண்டில் டெட்சு தும்மினான். படத்தில் அவனுக்கு இரண்டு தலை.

"இப்பவாவது மூக்கு இருக்கு" என்றான். "ரெண்டு இருக்கு."

நான்காம் தகடு, வியாழக்கிழமை. கேமராவைத் தூரமாக, முயல் கூண்டு வரைக்கும் கொண்டுபோனேன். எல்லோரும் தெளிவான நடுப்பகுதிக்குள் அடங்கிவிட்டார்கள். படத்தில் ஒவ்வொருவர் முகமும் ஒரு எள்ளளவு இருந்தது.

ஐந்தாம் தகடு, வெள்ளிக்கிழமை. நான் கறுப்புத் துணியை மடித்துக்கொண்டிருந்தபோது ஷூஜி தகட்டு உறையைத் திறந்து பார்த்தான்.

"என்னடா பண்றே!"

"உள்ள தகடு இருக்கான்னு பாத்தேன்."

"இருந்ததா?"

"இருந்தது" என்றான் ஷூஜி.

வெயில் பட்ட தகடு கறுத்துத்தான் போகும். அவ்வளவுதான்.

மீதி ஒன்றே ஒன்று. மறுநாள் சனிக்கிழமை, மதியம்வரைதான் பள்ளி.

அதற்குள் வகுப்பில் பெரிய சண்டை. "நான் ஓரத்துல நிக்க மாட்டேன்!" என்று ஓரத்து ஆறு பேரும் கத்தினார்கள். "யாராவது நின்னுதானே ஆகணும்?" என்று நடுவில் இருந்தவர்கள் கத்தினார்கள். "அப்போ நீ நில்லு!" என்று ஓரத்தவர்கள் திருப்பிக் கத்தினார்கள்.

"ஆறு பேர்தானே, போனாப் போகுது" என்றது ஒரு குரல்.

"போகாது" என்றாள் மினே மெதுவாக. "எனக்கு அந்த ஆறு பேரும் வேணும்."

பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் என்ன செய்வேன்? லென்ஸை நானா செய்தேன்?

*

லென்ஸைச் செய்தவள் வீட்டிலேயே இருந்தாளே! அன்று மாலை சாப்பிடும்போது அம்மாவைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏம்மா, லென்ஸை எதுக்கு இப்படி நடுவுல புடைக்க வெக்கறீங்க? தட்டையாப் பண்ணக் கூடாதா?"

"தட்டையாப் பண்ணினா அதுக்குப் பேரு ஜன்னல்."

"அம்மா!"

"ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தை வந்த வழியாவே விட்டுடும். புடைச்ச கண்ணாடிதான் மடக்கி ஒரு இடத்துல சேர்க்கும். அப்பதான் முகம் விழும். சூப்பைக் குடி."

"சரி, புடைக்கட்டும். ஆனா பந்துலேருந்து ஒரு துண்டு நறுக்கின மாதிரியே எதுக்கு? ஓரத்தை மட்டும் கொஞ்சம் வேற மாதிரி..."

அம்மா சாப்பிடும் குச்சிகளைக் கீழே வைத்தாள். "காலையிலேருந்து லென்ஸ் தேய்ச்சுட்டு வந்திருக்கேன். வீட்டுக்கு வந்தா இங்கயும் லென்ஸா?"

ஆனாலும் காலிச் சூப் கிண்ணம் ஒன்றை எடுத்து இன்னொன்றின் மேல் வைத்தாள். வைத்து இப்படியும் அப்படியும் திருகினாள்.

"பாரு. இப்படித் தள்ளினாலும் ஒட்டிக்கிட்டிருக்கு. அப்படிச் சாய்ச்சாலும் ஒட்டிக்கிட்டிருக்கு. இரும்புக் கிண்ணத்துல கண்ணாடியை வெச்சு, பொடியும் தண்ணியும் விட்டு, இப்படித்தான் எல்லாப் பக்கமும் தேய்க்கறோம். எந்தப் பக்கம் தள்ளினாலும் இடிக்காம ஒட்டற உருவம் பந்து ஒண்ணுதான். வேணும்னா உன் சாப்பாட்டுப் பெட்டியை வெச்சுத் தேய்ச்சுப் பாரு."

என் பெட்டிக்குள் தம்பியின் சின்னப் பெட்டியை வைத்துத் திருகினேன். கால் சுற்றுகூட வரவில்லை. மூலை இடித்தது.

"அப்போ அந்தப் பந்துத் துண்டால ஒரு வரிசையை ஒழுங்காப் பிடிக்க முடியாதா?"

"ஒண்ணால முடியாது. ஓரத்துல சொதப்பும். அதனாலதான் நல்ல கேமராவுக்குள்ள மூணு, நாலு வெப்பாங்க. ஒண்ணு பண்ற தப்பை இன்னொண்ணு திருத்தும். உங்க அப்பா சொல்றதை நான் திருத்தறேனே, அந்த மாதிரி."

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து அப்பா கேட்டார்: "நான் இப்போ என்ன சொன்னேன்?"

"இன்னும் சொல்லலை. சொன்னதும் திருத்தறேன்."

"அப்போ எனக்கு இன்னும் மூணு லென்ஸ் குடும்மா!"

"ஒண்ணு வாங்கறதுக்கே மேற்பார்வையாளர்கிட்ட எத்தனை தடவை குனிஞ்சேன் தெரியுமா? இனிமே குனிஞ்சா நிமிர முடியாது. இருக்கறதை வெச்சுப் பண்ணு. ஊறுகாயை மிச்சம் வெக்காதே."

இருக்கறதை வெச்சுப் பண்ணு! இருப்பது ஒரு சில்லு போன லென்ஸ், ஒரு தகடு, ஓரத்தில் நிற்க மாட்டேன் என்கிற ஆறு பேர், தகடு இருக்கிறதா என்று திறந்து பார்க்கிற ஒருத்தன்.

ஊறுகாயை மென்றேன். கோபத்தில் அதுகூடச் சப்பென்று இருந்தது.

*

சனிக்கிழமை காலை வானம் மூடியிருந்தது. கடைசி மணிக்குப் பிறகு எல்லோரும் மைதானத்துக்கு வந்தோம். சார் புதிதாக மூன்று கோடு போட்டு வைத்திருந்தார். முன்னைவிட நேராக இருந்தன.

"தகடு இன்னும் போடலை" என்று நான் அறிவித்தேன். "முதல்ல பாக்க மட்டும் போறேன். ஷூஜி, நீ பத்தடி தள்ளி நில்லு."

கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தேன். மங்கல் கண்ணாடியில் எங்கள் வகுப்பு தலைகீழாகத் தொங்கியது. நடுவில் தெளிவு. ஓரத்தில் பன். அதே கதைதான்.

"டெட்சு, கொஞ்சம் இடது பக்கம் போ. இல்லை, வலது பக்கம். இல்லை..."

"போதும்!" என்று ஒரு சத்தம். "அஞ்சு நாளா இடது, வலது, இடது, வலது! எங்க நின்னாலும் நான் பன்னுதானே? எனக்கு இந்தப் படமே வேணாம்!"

டெட்சு வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டான். என்னைத் திட்டுவதற்காக நேரே கேமராவைப் பார்த்து நடந்து வந்தான்.

"டெட்சு, கோடு!" என்று சார் அதிர்ந்துபோனார்.

துணிக்குள் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரத்தில் ஒரு பன் தலைகீழாக ஆடி ஆடி வந்தது. வர வர அதற்குக் கண் வந்தது. புருவம் வந்தது. மூக்கு வந்தது. கோபத்தில் விடைத்த மூக்கு, அவ்வளவு தெளிவாக!

"நில்லு!" என்று கத்தினேன்.

"நிக்க மாட்டேன்!"

"டேய், நில்லுடா! அங்கயே நில்லு! உனக்கு மூக்கு வந்துடுச்சு!"

டெட்சு நின்றுவிட்டான். கையால் மூக்கைத் தொட்டுப் பார்த்தான். இன்னும் ஓரடி வந்தான். மறுபடி பன். பின்னால் போனான். மூக்கு.

"மினே, அவன் காலடியில ஒரு கல்லை வை!"

மினே முயலை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு ஓடிப்போய்க் கல் வைத்தாள்.

அடுத்து அவனுக்குப் பக்கத்திலிருந்த பெண்ணை நடக்கச் சொன்னேன். அவள் அவ்வளவு தூரம் வர வேண்டியிருக்கவில்லை; கொஞ்சம் முன்பே முகம் தெளிந்துவிட்டது. கல். அதற்கடுத்தவன் இன்னும் குறைவாக. கல். நடுவில் இருந்தவர்கள் அசையவே வேண்டாம். அந்தப் பக்க ஓரத்தில் மறுபடி முன்னே, முன்னே. கல், கல், கல்.

துணியை விலக்கிவிட்டு மைதானத்தைப் பார்த்தேன். சாரின் நேர்க்கோட்டிலிருந்து விலகி, இரண்டு பக்கமும் கற்கள் முன்னே வளைந்து வந்திருந்தன. யாரோ ஒரு பெரிய கிண்ணத்தைப் பக்கவாட்டில் கிடத்தி, விளிம்பைக் கேமரா பக்கம் திருப்பி வைத்த மாதிரி.

கிண்ணம்!

கிண்ணத்தில் தேய்த்த லென்ஸ். அது பெட்டிக்குள் படத்தையும் கிண்ணமாகத்தான் போடுகிறது! தகடோ பலகை மாதிரி தட்டை. சூப் கிண்ணத்தைப் பலகைமேல் வைத்தால் நடு அடிதான் பலகையைத் தொடும். விளிம்பு தொடாமல் மேலே நிற்கும். தொடுகிற இடத்தில் தெளிவு. தொடாத இடத்தில் பன். ஆள் முன்னே வந்தால் அவன் முகம் பெட்டிக்குள் பின்னால் தள்ளி விழுந்து தகட்டைத் தொடுகிறது.

தகட்டை வளைக்க முடியாது, உடைந்துவிடும். வகுப்பை வளைக்கலாம்.

"சார்" என்றேன். "நாம வளைஞ்சு நிக்கணும்."

உஷியாமா சார் தன் மூன்று நேர்க்கோடுகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வளைஞ்சா?"

"ஓரத்துல இருக்கறவங்க முன்னாடி வரணும், சார். நல்ல கேமராவுக்குள்ள ரெண்டாவது கண்ணாடி தப்பைத் திருத்துமாம். நம்மகிட்ட ரெண்டாவது கண்ணாடி இல்லை. நாமதான் இருக்கோம்."

"இந்த வகுப்பு வட்டாரப் பரிசு வாங்கின வகுப்பு" என்றார் சார். "இந்தப் படம் பிரேசிலுக்குப் போகுது. அங்க இருக்கறவங்க பாத்து என்ன சொல்லுவாங்க? இந்தப் பள்ளிக்கூடத்துல நேரா நிக்கக்கூடச் சொல்லித் தரலைன்னு சொல்ல மாட்டாங்க?"

எனக்கு அழுகை வந்தது. அழுகை இல்லை, எரிச்சல். ஐந்து தகடு, ஆறு நாள், நாற்பத்திரண்டு முகம்!

"சார், நீங்களே வந்து பாருங்க" என்று துணியை அவர் தலையில் போர்த்தினேன். போர்த்தினேன் என்றால், போட்டேன்.

"எல்லாரும் தலைகீழா இருக்காங்களே" என்று உள்ளேயிருந்து கேட்டது.

"அது அப்படித்தான், சார். டெட்சுவைப் பாருங்க."

டெட்சு கல்மேல் நின்றான். அப்புறம் பின்னால் போய்ச் சுண்ணாம்புக் கோட்டில் நின்றான். மறுபடி கல்.

"மூக்கு" என்றது துணி. "மூக்கு இல்லை. மூக்கு."

சார் வெளியே வந்தார். தலைமுடி கலைந்திருந்தது. மைதானத்தில் கற்கள் கிடந்ததைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அந்தக் கோடியிலிருந்து பார்த்தார். இந்தக் கோடியிலிருந்து பார்த்தார். அவர் முகம் மெல்ல மாறியது.

"இது கோணல் இல்லையே" என்றார். "இது வட்டத்துல ஒரு துண்டு."

சட்டைப்பையிலிருந்து கயிற்றை எடுத்தார். கேமராவுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரே ஒரு குச்சியை நட்டார். குச்சியில் கயிற்றின் ஒரு முனை. மறுமுனை சுண்ணாம்பு வண்டியில். குச்சியை இரண்டு தடவை இடம் மாற்றிப் பார்த்தார். மூன்றாம் தடவை கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வண்டியை உருட்டினார். வெள்ளைக் கோடு ஒவ்வொரு கல்லாகத் தொட்டுக்கொண்டே போனது. இரண்டு கோடியிலும் கல்லைத் தாண்டி ஓரடி கூடுதலாகவே இழுத்துவிட்டார். அதற்கு முன்னால் இன்னும் இரண்டு வளைவு.

"கையை முன்னால நீட்டு! பக்கத்துல பாரு!" என்று சார் பழைய குரலில் கத்தினார். "கோட்டுல நில்லு! ஒருத்தன் நேரா நின்னாலும் எனக்குக் கோபம் வரும்!"

*

எல்லோரும் நின்றார்கள், உட்கார்ந்தார்கள். நடுவில் மினே, மடியில் முயல். நான் தகட்டைச் செருகினேன். மூடியில் கை வைத்தேன்.

"நாற்பத்திரண்டு" என்றாள் மினே.

"என்னது?"

"எண்ணிப் பாத்தேன். நாம நாற்பத்து மூணு பேர். அஞ்சு தடவையும் நாற்பத்திரண்டுதான் இருந்தது. நீ எங்க, சயோ?"

"நான் படம் எடுக்கறேன்டி!"

"நீ இல்லாத படம் எனக்கு வேணாம்."

கேட்டீர்களா! எல்லாம் ஒருவழியாகக் கூடி வந்த நேரத்தில்! "அப்போ மூடியை யாரு கழட்டுவா? முயலா?"

"நான் கழட்டறேன்" என்றார் உஷியாமா சார், நடு இருக்கையிலிருந்து எழுந்து. "என் முகத்தை ரெண்டு வருஷமாப் பாத்திருக்கா. மினே, மறந்துடுமா?"

"மறக்கவே மறக்காது, சார்" என்றாள் மினே.

"எங்களுக்கும்" என்றான் டெட்சு சோகமாக.

சாருக்கு மூடியைக் காட்டிக் கொடுத்தேன். "மூணு எண்ணணும். வேகமா எண்ணக் கூடாது. பெட்டியை இடிக்கக் கூடாது."

"எனக்கு எண்ணத் தெரியும், சயோ."

ஓடினேன். எங்கே நிற்பது? நடுவில் சார் எழுந்த இடத்தை ஷூஜி நகர்ந்து நிரப்பிவிட்டான். மீதி இருந்தது ஓரம்தான். பின்வரிசையில் டெட்சுவையும் தாண்டி, கோட்டின் கடைசி ஓரடி. அந்த இடத்தை யாரும் கண்ணாடியில் பார்க்கவில்லை. அங்கே கல்லும் இல்லை. வளைந்து வந்த சுண்ணாம்புக் கோடு மட்டும் இருந்தது.

கோட்டில் கால் விரல்களை வைத்து நின்றேன்.

"ஒண்ணு" என்றார் சார். "ரெண்டு. மூணு."

யாரும் தும்மவில்லை.

*

மதியம் அறிவியல் அறையில் திரைகளை இழுத்துவிட்டு நானும் டெட்சுவும் தகட்டைக் கழுவினோம். ஜன்னல் பொறுப்பாளர் ஷூஜியைக் கதவுக்கு வெளியே நிறுத்திவைத்தோம். தகடு காய்ந்ததும் தாளில் இரண்டு பிரதி போட்டோம். ஒன்று மினேக்கு. ஒன்று வகுப்புக்கு.

தட்டிலிருந்த தாளில் முகங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பி வந்தன. ஓரத்து ஆறு பேரும் தெளிவு. டெட்சுவுக்கு ஒரே தலை, ஒரே மூக்கு. கடைசியில் நான்கூட இருந்தேன். என் சட்டைக் கழுத்திலிருந்த தையல் தெரிந்தது.

"வந்துடுச்சு!" என்று டெட்சு குதித்தான். பிறகு குனிந்து பார்த்தான். "சயோ, நடுவுல இது என்ன?"

பார்த்தேன். தாளை அப்படியே கிழித்துப் போட்டுவிடலாமா என்று இருந்தது.

*

ஞாயிறு காலை ரயில் நிலையத்தில் ஊரே நின்றது. நான் படம் வைத்த உறையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றேன். மினே ஜன்னல் வழியே கையை நீட்டினாள்.

"குடு."

"முதல்லயே சொல்லிடறேன். நாற்பத்திரண்டு பேர் தெளிவா இருக்காங்க."

"நாற்பத்து மூணு பேர்ல?"

"ஒருத்தி மட்டும் அசைஞ்சுட்டா."

மினே படத்தை வெளியே எடுத்தாள். ஓரத்திலிருந்து பார்க்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு முகத்தின் மேலும் விரலை நகர்த்தினாள். டெட்சுவிடம் வந்ததும் சிரித்தாள். என்னிடம் வந்ததும் விரல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு நடுவுக்கு வந்தாள்.

"அட, நான்!"

"ஆமா, நீதான்! மூணு எண்ணற நேரம்! மூணே மூணு! முயல்கூட அசையாம இருந்தது, உன்னால இருக்க முடியாதா?"

"நீ வந்து நின்னியா இல்லையான்னு பாக்க வேணாமா?"

"ஆறு தகடு, மினே! எல்லார் முகமும் தெரியணும்னு கேட்டியே!"

"மத்தவங்க முகம்தானே மறக்கும்?" என்றாள் மினே. "என் முகம் வேணும்னா கண்ணாடியில பாத்துக்கறேன். பிரேசில்ல கண்ணாடி இருக்காதா என்ன?"

நான் வாயைத் திறப்பதற்குள் ரயில் கிளம்பிவிட்டது. எப்போதும் எனக்கு இப்படித்தான்.

வகுப்பின் பிரதியைக் கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம். அதில் மினேக்கு மட்டும் இரண்டு முகம். ஒன்று கேமராவைப் பார்க்கிறது. இன்னொன்று ஓரத்தில் நிற்கும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.